ரெண்டு நிமிஷத்துல முடிஞ்ச கஞ்சா கேஸ்

போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாங்க. கையில ஒரு பழைய ஃபைல். "தம்பி, அந்தக் கேஸ்தான் அன்னிக்கே முடிஞ்சிடுச்சே, இப்ப எதுக்கு மறுபடி கிளர்றாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ஏன்னா, அந்தக் கேஸ் 'முடிஞ்ச' அன்னிக்கு கோர்ட்டுல கூடவே நின்னவன் நான்.

மேட்டர் இதுதாங்க. 2022ல அவங்க பையனை (பேரு வேண்டாம்) ஒரு ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிடிச்சாங்க. பாக்கெட்டுல 80 கிராம் கஞ்சா. லேத் பட்டறையில வேலை பாக்கற பையன். ரிமாண்டு, கிளைச் சிறையில 12 நாள், அப்புறம் ஜாமீன். அதுக்கப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. ஏழாவது வாய்தா அன்னிக்கு வக்கீல் சொன்னார், "ஒத்துக்கிட்டா இன்னிக்கே ஃபைனோட போயிடலாம். நடத்தணும்னா இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும்."

டவாலி பேர் கூப்பிட்டார். பையன் கூண்டுல ஏறினான். குற்றத்தை ஒப்புக்கறியான்னு கேட்டாங்க. "ஆமாங்கய்யா." 5,000 ரூபாய் அபராதம். அடுத்த பேர் கூப்பிட்டாச்சு. மொத்தம் ரெண்டு நிமிஷம் இருந்தா ஜாஸ்தி. வெளிய வந்து டீ குடிச்சோம். "விட்டுது சனி"ன்னு சொன்னவன் அடியேன்தான்.

இப்போ பையனுக்கு குவைத்துல வேலை வந்திருக்கு. போலீஸ் கிளியரன்ஸ் கேக்கறாங்க. அங்கதான் அந்த ரெண்டு நிமிஷம் வந்து குறுக்க நிக்குது. ஃபைன் கட்டினா கேஸ் முடிஞ்சிடும்னு நாம நினைக்கிறோம். ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான். கூண்டுல ஏறும்போது அதை அவனுக்கு யாருமே சொல்லல. நானும் சொல்லல, எனக்கே தெரியாது!

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். 1985ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல, 2001 திருத்தத்துக்கு அப்புறம் எல்லாமே எடைக் கணக்கு. கஞ்சான்னா ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு. வணிக அளவுக்கு குறைஞ்சது 10 வருஷம், அதிகபட்சம் 20 வருஷம். அதெல்லாம் சென்னை, மதுரை மாதிரி ஊர்கள்ல இருக்கற சிறப்பு நீதிமன்ற சமாச்சாரம். சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, இல்லேன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும். (2014 வரைக்கும் இது ஆறு மாசமா இருந்துச்சு.) நம்ம ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல சுருக்கமா விசாரிச்சு முடிக்கறது இந்த சின்ன கேஸைத்தான்.

அதே சட்டத்துல இன்னும் ரெண்டு விஷயம் இருக்குங்க. படிச்சப்போ வயிறு எரிஞ்சுது.

ஒண்ணு, 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருத்தர் மேல சிறிய அளவு கேஸோ, உபயோகிச்ச கேஸோ இருந்து, அவரே முன்வந்து அரசு நடத்தற அல்லது அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா, அவர் மேல வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முழுசா முடிக்கலேன்னா அந்தப் பாதுகாப்பை திரும்ப எடுத்துடலாம். ரெண்டாவது, 39ஆவது பிரிவு. குற்றவாளின்னு முடிவானதுக்கு அப்புறமும், கோர்ட் நினைச்சா உடனே ஜெயிலுக்கு அனுப்பாம, அவர் சம்மதத்தோட சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள்ள சிகிச்சை ரிப்போர்ட்டோட வரணும். அது திருப்தியா இருந்தா, கண்டிச்சு, பாண்டு எழுதி வாங்கிட்டு விட்டுடலாம்.

அந்தப் பையனுக்கு அப்போ பழக்கம் இருந்துச்சு. தெருவுக்கே தெரியும். அந்த 12 நாளுலயும் சரி, ஏழு வாய்தாவுலயும் சரி, "உனக்கு பழக்கம் இருக்கா? வைத்தியம் பாத்துக்கறியா?"ன்னு ஒருத்தரும் கேக்கல. ஃபைன் கட்டின அடுத்த மாசமே மறுபடி ஆரம்பிச்சுட்டான். கோர்ட்டுக்கு ஃபைல் முடிஞ்சுது, அவனுக்கு ஒண்ணுமே முடியல. கடைசியில அவங்கம்மா நகையை அடகு வெச்சு சேர்த்துவிட்டுத்தான் மீண்டு வந்தான்.

இன்னொண்ணும் இருக்கு. இந்தச் சட்டத்துல ஒரு தடவை தண்டனை வாங்கிட்டு, மறுபடி அதே மாதிரி கேஸுல மாட்டினா, அதிகபட்ச தண்டனை ஒன்றரை மடங்கு ஆகும். போதையை விட முடியாதவன் மறுபடி மாட்டத்தானே செய்வான்? அப்போ இந்த 5,000 ரூபாய் ரசீதுதான் அவனுக்கு எதிரா சாட்சி சொல்லும்.

விக்கறவனுக்கு பாவம் பாக்கச் சொல்லலைங்க. ஸ்கூல் வாசல்ல பொட்டலம் விக்கறவனை உள்ள போட்டா முதல்ல கை தட்டறவன் நான்தான். மாஜிஸ்திரேட்டை குறை சொல்லவும் மனசு வரல. அன்னிக்கு அந்த ஹால்ல நின்ன கூட்டத்தைப் பாத்தவனுக்கு அவங்க கஷ்டம் புரியும். வக்கீலும் பொய் சொல்லல, சீக்கிரம் முடியற வழியைத்தான் சொன்னார்.

நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. "ஒப்புக்கறியா?"ன்னு கேக்கற அதே வாய், "வைத்தியத்துக்கு சம்மதமா?"ன்னும் கேக்கட்டும். ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம் ஆகும், அவ்வளவுதானே?

அதுவரைக்கும், உங்க தெருவுல யாராவது இப்படி மாட்டினா, அவசரப்பட்டு தலையாட்ட விடாதீங்க. காவல்ல இருக்கற யாருக்கும் இலவச சட்ட உதவி கேக்கற உரிமை இருக்கு, 1987 சட்டப்படி. 64ஏ, 39 ரெண்டையும் வக்கீல்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் ஒத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

அக்கா ஃபைலை மூடிட்டு, "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா..."ன்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க. டீக்கடையில நான் சொன்ன "விட்டுது சனி" இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பட்டதையும் படிச்சதையும் சொன்னேன். கேஸ்னு வந்தா நல்ல வக்கீலைப் பாருங்க.