சோதனையும் ஓர் உரையே: வலையமைப்பு நிலைமாற்றிகளின் தானியங்கி இணக்கச் சோதனை குறித்து ஒரு கருத்துரை

முன்னுரை

சந்திப்பிழை காட்டும் மென்பொருள் ஒன்றைச் சோதிப்பதற்குச் சொற்புணர்ச்சிப் பட்டியல் ஒன்று தருமாறு சில மாதங்களுக்கு முன் என்னைக் கேட்டனர். அனுப்பப்பட்ட படிவத்தில் 'சரி', 'தவறு' என இரண்டு நிரல்களே இருந்தன. 'கல்' என்பதும் 'குறிது' என்பதும் அல்வழியில் புணரும்போது 'கல்குறிது' எனவும் 'கற்குறிது' எனவும் உறழ்ந்து வரும் என்பது நன்னூல் விதி. ஆதலால் இரண்டையும் 'சரி' என்னும் நிரலிலேயே எழுதினேன். ஒரு புணர்ச்சிக்கு ஒரு விடையே இருத்தல் வேண்டும் என்ற குறிப்புடன் பட்டியல் திரும்பி வந்தது.

அக்குறிப்பை எழுதிய பொறியாளர் அதற்குமுன் வலையமைப்புக் கருவிகளைச் சோதிக்கும் பணியில் இருந்தவர். எழுதப்பட்ட நூலுக்குக் கருவி இணங்குகிறதா என்று பார்ப்பதே தம் தொழில் என்றும், அங்கு ஐயத்திற்கு இடமில்லை என்றும் அவர் கூறினார். அக்கூற்றை ஆராயும் நோக்கில் அத்துறை ஆவணங்களைப் படிக்கலானேன். அங்கும் ஐயத்திற்கு இடமுண்டு. அதனைத் தீர்ப்பவர் உரையாசிரியர் செய்த பணியையே செய்கிறார். ஆனால் தாம் உரை செய்வதாக அவர் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

நூலும் கருவியும்

கணினி வலையமைப்பில் வந்துசேரும் தரவுப் பொதிகளை உரிய வழியில் அனுப்பும் கருவி, சுவிட்ச் எனப் பரவலாக அறியப்படும் நிலைமாற்றியாகும். வழியை முடிவுசெய்யும் அறிவும் அதன்படி அனுப்பும் செயலும் நெடுங்காலம் ஒரே பெட்டிக்குள் இருந்தன. மென்பொருள்வழி வரையறுக்கப்படும் வலையமைப்பு இவ்விரண்டையும் பிரித்தது. முடிவெடுப்பது கட்டுப்படுத்தி என்னும் தனி மென்பொருளின் பணி. அதன் ஆணைப்படி நடப்பது நிலைமாற்றியின் பணி. இவ்விரண்டும் பேசிக்கொள்வதற்கான மொழிகளுள் பெயர்பெற்றது ஓப்பன்ஃப்ளோ. 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோனும் பிறரும் எழுதிய கட்டுரைவழி அது அறிமுகமாயிற்று. அதன் 1.0 பதிப்பு 2009ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 2011இல் தோன்றிய ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு பின்னைய பதிப்புகளைப் பேணியது.

ஒரு நிறுவனத்தின் கட்டுப்படுத்தி மற்றொரு நிறுவனத்தின் நிலைமாற்றியை ஆள வேண்டுமாயின் இரண்டும் ஒரே நூலை ஒரே வகையில் பொருள்கொள்ளுதல் வேண்டும். அதனை உறுதிசெய்ய எழுந்ததே இணக்கச் சோதனை. 2013இல் அவ்வமைப்பு சான்றளிக்கும் திட்டத்தையும் தொடங்கியது.

சோதனை நடைபெறும் முறை

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஓஎஃப்டெஸ்ட் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு புறம் கட்டுப்படுத்தியாக நின்று, 'இன்ன முகவரிக்குரிய பொதி வந்தால் மூன்றாம் வாயில் வழியே அனுப்புக' என நிலைமாற்றிக்கு ஆணையிடும். மறுபுறம் நிலைமாற்றியின் வாயில்களோடு இணைந்து, அத்தகைய பொதியொன்றைத் தானே உள்ளே செலுத்தும். பொதி மூன்றாம் வாயிலில் வெளிவந்ததா, பிற வாயில்களில் வராதிருந்ததா என்று பார்த்துத் தேர்ச்சியோ தோல்வியோ பதிவுசெய்யும். இவ்வாறான சோதனைகள் பல மனிதர் தலையீடின்றி வரிசையாக நிகழும். கருவியின் உள்மென்பொருள் மாறுந்தோறும் அவ்வரிசை முழுவதையும் மீண்டும் ஓட்டலாம். சோர்வும் மறதியும் இன்றி ஒரே அளவுகோலை ஒவ்வொரு முறையும் பிடிப்பது இம்முறையின் உண்மையான சிறப்பு. அதனை மறுப்பது என் நோக்கமன்று. அளவுகோலைச் செய்தவர் யார் என்பதே என் வினா.

நூல் இடந்தரும் இடங்கள்

நிலைமாற்றியின் அட்டவணையில் உள்ள விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. ஒரு பொதிக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் முன்னுரிமை மிக்க விதி வெல்லும். இரண்டின் எண்ணும் ஒன்றாயின்? நிலைமாற்றி தான் விரும்பிய வரிசையைக் கொள்ளலாம் என்கிறது 1.0 பதிப்பு. எது தெரிவாகும் என்பது வரையறுக்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது 1.3 பதிப்பு. ஆகவே இரு கருவிகள் இரு வேறு வழிகளில் ஒரே பொதியை அனுப்பினாலும் இரண்டும் நூலுக்கு இணங்கியனவே. இது நம் இலக்கணத்தில் உறழ்ச்சி எனப்படுவதற்கு ஒப்பானது. இவ்விடத்தில் ஒரு விடையை மட்டும் ஏற்கும் சோதனையை எழுதுபவர், நூல் வழங்கிய உரிமையை நூலின் பெயராலேயே பறிக்கிறார்.

இன்னொன்று, எந்த விதியும் பொருந்தாத பொதியைப் பற்றியது. 1.0 பதிப்பின்படி அதனைக் கட்டுப்படுத்திக்கு அனுப்புதல் வேண்டும். 1.3 பதிப்பிலோ, பொருந்தாதவற்றுக்கெனத் தனி விதி எழுதப்படாதிருப்பின் அது பொதுவாகக் கைவிடப்படும். விதியின்மைக்கு ஒரு பதிப்பு ஒரு பொருளும் மற்றொரு பதிப்பு வேறு பொருளும் தருகின்றன. எந்தப் பதிப்பைக் கொண்டு சோதித்தோம் என்பதைக் கூறாத 'தேர்ச்சி' பொருளற்றது.

இணைய நெறிமுறை எழுதுவோர் இத்தகைய சிக்கலை அறியாதவர் அல்லர். கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் வரையறுக்கவே 1997இல் ஆர்எஃப்சி 2119 என்னும் ஆவணம் வெளியிடப்பட்டது. நம் இலக்கண நூலார் 'வரையார்', 'உறழும்' என வினைமுற்றுகளால் உணர்த்திய வேறுபாட்டை அவர்கள் தனி ஆவணமாகவே எழுதிக்கொண்டனர். ஆயினும் வினைகளை வரையறுத்தால் மட்டும் போதாது என்பதை அடுத்த சான்று காட்டும்.

'முடிந்தது' என்னும் சொல்

கட்டுப்படுத்தி பல ஆணைகளை அனுப்பியபின், 'இதுவரை அனுப்பியவற்றை முடித்துவிட்டு விடையளி' என்று கேட்பதற்கு ஓப்பன்ஃப்ளோவில் தடுப்புச் செய்தி ஒன்று உண்டு. நிலைமாற்றி 'முடிந்தது' என விடையளிக்கும். எது முடிந்தது? ஆணையைப் படித்து ஏற்றுக்கொண்டதா, வன்பொருள் அட்டவணையில் விதி எழுதப்பட்டு அதன்படி பொதிகள் செல்லத் தொடங்கியதா? சில நிலைமாற்றிகள் வன்பொருளில் விதி பதியுமுன்னரே விடையளித்துவிடுகின்றன என்பதை 2015இல் வெளியான அளவீட்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

விடை வந்ததா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் அந்நிலைமாற்றி தேறும். விடை வந்த கணமே ஒரு பொதியைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில் அதுவே தோற்கும். கருவி ஒன்று, நூல் ஒன்று, உரைகள் இரண்டு. விளைவோ ஏட்டளவில் நிற்பதன்று. தடுக்கப்பட வேண்டிய பொதிகளுக்கான விதி பதிந்துவிட்டது என நம்பிக் கட்டுப்படுத்தி புதிய வழியைத் திறந்துவிட்டால், அந்த இடைவெளியில் தடுக்கப்பட வேண்டியவை கடந்துசெல்லும்.

ஒப்புநோக்கும் நெறி

சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் நிறுவன ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று 2012இல் சாஃப்ட் என்னும் முறையை முன்வைத்தது. அது சரியான விடையை முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. ஒரே நூலைப் பின்பற்றுவதாகக் கூறும் இரு நிலைமாற்றி நிரல்களைக் குறியீட்டு முறையில் ஆராய்ந்து, எந்த உள்ளீட்டுக்கு அவை வேறுபட்டு நடக்கும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பல ஏட்டுச்சுவடிகளை அருகருகே வைத்துப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியரின் நெறியை இது நினைவூட்டுகிறது. எது மூலபாடம் என்ற தீர்ப்பைப் பின்னர் வழங்கலாம்; வேறுபாடு உள்ளது என்பதை முதலில் பதிவுசெய்தல் வேண்டும். இவ்வடக்கமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மறுப்பும் விடையும்

இலக்கணம் வழக்கை விளக்குவது, செந்தரம் கருவியை ஆணையிடுவது. ஆதலால் இவ்வொப்புமை பொருந்தாது என மறுக்கலாம். தெளிவின்மை கண்டால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம், தொல்காப்பியத்தை அவ்வாறு திருத்த இயலாது எனவும் கூறலாம். இவ்வேறுபாடுகள் உண்மையே. ஆயினும் முன்னுரிமை பற்றிய இடைவெளி பிழையால் நேர்ந்ததன்று என்பதை 1.3 பதிப்பின் வெளிப்படையான கூற்றே காட்டுகிறது. கருவி செய்வோருக்கு உரிமை வழங்குவதற்காக விடப்பட்ட இடத்தை அடுத்த பதிப்பு நிரப்பும் என எதிர்பார்க்க இயலாது. அடுத்த பதிப்பு வரும்வரை இன்றைய சோதனையை எவரேனும் எழுதியே ஆகவேண்டும். அவர் எழுதும்போது நூல் கூறாததை உய்த்துணர்ந்தே எழுதுவார்.

உய்த்துணர்தல் குற்றமன்று. நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்கள் நூற்பாவில் நேரே பெறப்படாததை 'மிகையாற் கொள்க', 'இலேசாற் கொள்க' என்று குறித்துக் கொண்டனர். அவர்தம் முடிவை நாம் மறுக்கலாம். மறுப்பதற்குரிய இடத்தை அவர்களே சுட்டிச் சென்றிருக்கின்றனர். அந்நேர்மையே தானியங்கிச் சோதனையில் வேண்டப்படுவது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. ஒவ்வொரு சோதனையும் நூலின் எப்பதிப்பில் எப்பகுதியைச் சார்ந்தது என்பதைச் சுட்டுதல் வேண்டும். அது நேர்ப்பொருளா உய்த்துணர்ந்த பொருளா என்பதை அறிவித்தல் வேண்டும். தேர்ச்சி, தோல்வி என்பவற்றோடு 'நூல் இடந்தருகிறது' என்னும் மூன்றாம் முடிவுக்கும் இடமளித்தல் வேண்டும்.

இவை வலையமைப்புத் துறைக்கு மட்டும் உரியன அல்ல. தமிழ் மென்பொருள்களுக்கான சோதனைப் பட்டியல்கள் நம்மிடம் கேட்கப்படும் காலம் வந்துவிட்டது. இரண்டு நிரல்கள் கொண்ட படிவத்தை நாம் அப்படியே நிரப்பித் தந்தால், உறழ்ச்சி விதிகள் ஒவ்வொன்றும் ஓசையின்றி நீங்கும். கருவி தவறென்று கோடிட்டதை மாணவர் தவறென்றே கற்பர். இரண்டு தலைமுறைக்குப்பின் நன்னூல் கூறிய விகற்பம் பிழையாகிவிடும். நான் அப்பட்டியலைத் திரும்ப அனுப்பும்போது மூன்றாவது நிரல் ஒன்றை வரைந்து, 'உறழும்' எனத் தலைப்பிட்டேன். அந்நிரலை மென்பொருள் ஏற்காது என்றனர். ஏற்குமாறு அதனை மாற்றுவதே முறை என்பது என் துணிபு.