எண்ணாத வாக்கும் எகிறும் வசையும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே மாவட்டம், ஒரே கரிசல். மக்களவைத் தேர்தல் வந்தால் மட்டும் இரண்டும் பிரிந்துவிடும். அருப்புக்கோட்டை விருதுநகர் தொகுதிக்குள் போகும், திருச்சுழி ராமநாதபுரத்துக்குள் போகும். 2024இல் இந்தப் பிரிவினை ஒரு விசித்திரத்தை நிகழ்த்தியது. அதிமுகவின் உட்கட்சிச் சண்டைக்கு வாக்குப்பெட்டியில் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு திருச்சுழிக்காரர்களுக்கு வாய்த்தது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஓ.பன்னீர்செல்வம் பாஜக கூட்டணி ஆதரவுடன் பலாப்பழச் சின்னத்தில் அங்கே நின்றார். இரட்டை இலை அதிமுக வேட்பாளர் ஜெயபெருமாளிடம் இருந்தது. போதாக்குறைக்கு, பன்னீர்செல்வத்தின் அதே பெயரில் இன்னும் சிலரும் களத்தில் இருந்தார்கள். எதிரியைத் தோற்கடிப்பதைவிட நம்மவரைக் குழப்புவதில்தான் நமது அரசியலுக்கு எத்தனை கற்பனை வளம்!

முடிவு: முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி சுமார் 5.09 லட்சம், பன்னீர்செல்வம் சுமார் 3.43 லட்சம், இரட்டை இலைக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு தரப்பு ‘தோற்றார்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டது. மறுதரப்பு இரண்டாமிடத்தையே வெற்றிபோலக் கொண்டாடியது. அதிகாரபூர்வ வேட்பாளரைவிட மூன்று மடங்குக்கு மேல் ஒரு நீக்கப்பட்டவர் வாங்கியிருக்கிறாரே என்று முதல் தரப்பு யோசித்திருக்க வேண்டும். இருவர் வாக்கையும் கூட்டினாலும் திமுக கூட்டணியை எட்டவில்லையே என்று இரண்டாம் தரப்பு யோசித்திருக்க வேண்டும். பக்கத்தில் அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகர் தொகுதியிலோ, அதிமுக கூட்டணியின் தேமுதிக வேட்பாளர் விஜய பிரபாகரன் காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் தோற்றது வெறும் 4,379 வாக்கில். பிரிந்து போனவர்களின் விலை என்ன என்று கேட்க இதைவிடத் துல்லியமான எண் கிடைக்காது. கேட்டவர் யாருமில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் அக்கறை. அதற்கு இரண்டு ஆண்டு பின்னால் போக வேண்டும். 2022 ஜூன் 23, சென்னை வானகரத்தில் அதிமுக பொதுக்குழு. தயாராக இருந்த 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட்டதாக மேடையிலேயே முழக்கம் எழுந்தது. வெளியேறிய பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11 அன்று அதே வானகரத்தில் எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். அதே காலைப் பொழுதில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தின் முன் இரு தரப்பும் கல்லெறிந்து மோதின. வருவாய்த் துறையினர் வந்து அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள்.

இத்தனை மூர்க்கத்துக்கும் அடியில் என்ன கொள்கை வேறுபாடு இருந்தது? தேடிப் பார்த்தால் கையில் ஒன்றும் சிக்காது. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாற்றையே எடுத்துக்கொள்வோம். காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது பழனிசாமி முதல்வர், பன்னீர்செல்வம் துணை முதல்வர். கால்வாய் 262 கிலோமீட்டர். அதன் கடைசிக் கட்டத்துக்காகக் காத்திருப்பது இந்த வானம் பார்த்த பூமி. அந்தக் கால்வாயைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அதைப் பற்றிச் சண்டை போட்டிருந்தாலாவது சம்சாரிக்குப் புண்ணியமாகப் போயிருக்கும். கொள்கையில் பேதம் இல்லாத இடத்தில், யார் விசுவாசி, யார் துரோகி என்பது மட்டுமே பேசுபொருளாக மிஞ்சுகிறது. துரோகிப் பட்டத்துக்கு ஆதாரம் தேவையில்லை, குரல் இருந்தால் போதும்.

அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் 1972இல் குழுச்சிந்தனை பற்றி எழுதினார். 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் படையிறக்கி கென்னடி அரசு அவமானப்பட்டது எப்படி என்பதே அவர் ஆராய்ந்த முதன்மையான உதாரணம். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். சந்தேகம் இருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள், அந்த மௌனம் ஒருமித்த சம்மதமாகக் கணக்கில் ஏறியது. சந்தேகக் குரல் தலைவர் காதுக்குப் போகாமல் தடுக்கும் ஆட்கள் தாமாகவே முளைப்பார்கள் என்கிறார் ஜேனிஸ். நம்மூரில் அவர்களுக்கு வட்டம், ஒன்றியம் என்று பதவிப் பெயரே உண்டு.

ஜேனிஸ் பார்க்காத ஒன்று இங்கே இருக்கிறது. இங்கே குழுவே அடிக்கடி இடம் மாறும். 2017 பிப்ரவரியில் பன்னீர்செல்வம் கட்சித் தலைமைக்கு எதிராகத் தர்மயுத்தம் தொடங்கினார்; அதே மாதம் பழனிசாமி, எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் விடுதி முகாமின் முதல்வரானார். மார்ச்சில் இரட்டை இலை முடங்கியது; ஆகஸ்ட்டில் இருவரும் கைகோத்தார்கள்; ஐந்து ஆண்டு கழித்து மறுபடி பகை. கிளைச் செயலாளர் ஒருவர் இந்த ஐந்தாண்டில் தன் வெறுப்பை மூன்று முறை திருப்பிப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முந்தைய நிலைப்பாட்டை மறந்துவிட்டதாக நிரூபிக்க முன்பைவிடச் சத்தமாகப் பேசியாக வேண்டும்.

தென்மாவட்டத்தில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பழனிசாமி-பன்னீர்செல்வம் போட்டியைக் கொங்குக்கும் முக்குலத்துக்குமான போட்டியாகவே இங்கே பலர் படித்தார்கள். 2021 தேர்தலுக்கு முன் வன்னியருக்கு அறிவித்த 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு ஏற்கெனவே கசப்பை விதைத்திருந்தது. கட்சிப் பிரிவுக்குச் சாதியின் நிறம் ஏறிவிட்டால், தன் அணியின் தவறைச் சுட்டுபவர் அரசியல் கருத்துச் சொன்னவராகக் கருதப்படுவதில்லை. அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதே சிக்கலாகும். அந்த விலையைக் கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

இதன் பலன் என்ன என்று இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1977இல் எம்.ஜி.ஆர். முதல்முறை முதல்வரானது அருப்புக்கோட்டை உறுப்பினராகத்தான். அவர் மறைந்த ஒரே மாதத்தில், 1988 ஜனவரி 28 அன்று, ஜானகி அணியும் ஜெயலலிதா அணியும் மோதிக்கொண்ட சட்டப்பேரவைக்குள் காவலர்கள் நுழைந்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜெயலலிதா அணியின் சேவல் 27 இடம் வென்றது. ஜானகி அணியின் இரட்டைப் புறாவால் ஆண்டிபட்டியில் ஜானகியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. 13 ஆண்டுக்குப் பின் திமுக ஆட்சிக்கு வந்தது, அருப்புக்கோட்டை திமுகவின் வே.தங்கபாண்டியனிடம் போனது. அணிகள் சேர்ந்தபின் வந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் அதே கட்சி வென்றது. தலைவர்களுக்கு எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்த சாத்தூர் ராமச்சந்திரன் பின்னாளில் திமுகவுக்கு வந்தார். 2016, 2021 இரண்டிலும் அருப்புக்கோட்டையில் அதிமுகவின் வைகைச்செல்வனைத் தோற்கடித்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு காலத்தில் அவருக்காக அண்டை வீட்டாரோடு பேச்சை முறித்துக்கொண்ட தொண்டருக்கு இப்படிக் கடந்து போக வழியில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

வசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் விடை எளிமையானது: தலையை எண்ணாத இடத்தில் சத்தத்தை எண்ணுகிறார்கள். தன் விருப்பத்தைச் சீட்டில் குத்தி மடித்துப் போட வழி இருப்பவர் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. விருதுநகர்க்காரரான காமராசர் 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானது, ராஜாஜி தரப்பின் சி.பி.சுப்பையாவை மூன்றே வாக்கில் வென்று. பகை அதோடு தீரவில்லை. 1946இல் காந்தியே தலையிட்டு, ராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் இருப்பதாக எழுதி, காமராசரைப் புண்படுத்தும் அளவுக்கு அது போனது. ஆனாலும் 1940இன் மூன்று வாக்கை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதிமுக அடித்துக்கொண்ட அதே 2022இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் கார்கே 7,897, சசி தரூர் 1,072. தோற்றவர் அடுத்த ஆண்டே காரியக் கமிட்டியில் உட்கார்ந்தார்.

கணக்குக் கேட்டதற்காகத் திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்.ஜி.ஆர். 1972இல் தொடங்கிய கட்சி அதிமுக. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி எழுதியவரும் அவரே. 2021 டிசம்பரில் ஒருங்கிணைப்பாளர் தேர்தலுக்கு விண்ணப்பம் கேட்டுத் தலைமை அலுவலகம் வந்த தொண்டர் ஒருவர் அங்கேயே தாக்கப்பட்டார். பன்னீர்செல்வமும் பழனிசாமியும் போட்டியின்றித் தேர்வானார்கள். அன்று அந்தப் போட்டியின்மையை ரசித்த பன்னீர்செல்வம் அணியினர்தான் ஏழு மாதம் கழித்து ஜனநாயகம் பேசினார்கள். 2022 ஜூலையில் விதி மறுபடி திருத்தப்பட்டது. பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றியே பொதுச்செயலாளர் ஆனார். கட்சிக் கணக்கில் விருதுநகர் மாவட்டத்துக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டே மாவட்டச் செயலாளர்கள். திருச்சுழியிலிருந்து ஒரு உறுப்பினர் மனு போட ஆசைப்பட்டால், சொந்த மாவட்டத்துக்கு வெளியே இன்னும் பதினெட்டுப் பேரைத் தேடிப் புறப்பட வேண்டும்.