சத்தம் எங்கே கூடுகிறது?



நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. மேடையில் ஒரு தலைவர், ரோடு ஏன் போடவில்லை என்று ஒரு அதிகாரியை மைக்கிலேயே விளாசுகிறார். கீழே 'சிங்கம்', 'கெத்து' என்று போட்டிருப்பது நான் பாடம் சொன்ன பிள்ளைகள்! அந்த அதிகாரி "நிதி வரலைங்க" என்று ஆரம்பித்ததும்தான் சத்தம் இரண்டு மடங்கானது. கவனித்தீர்களா?

1960 அக்டோபர் 12, ஐ.நா. பொதுச்சபை. காலனி ஆதிக்கம் ஒழிய வேண்டும் என்று முழங்கியவர் சோவியத் தலைவர் குருஷ்சேவ். பிலிப்பைன்ஸ் பிரதிநிதி சுமுலாங், கிழக்கு ஐரோப்பிய மக்களின் உரிமையும் பறிபோயிருக்கிறதே என்றார். அவ்வளவுதான், குருஷ்சேவ் கொதித்துவிட்டார். மேசையைக் குத்தினார். ஷூவைக் கழற்றி அடித்தார் என்பார்கள் (அடித்தாரா, ஆட்டினாரா என்று இன்றும் சண்டை). அமளியில் அவைத்தலைவரின் சுத்தியலே உடைந்தது. ஆனால் 1956இல் புடாபெஸ்ட்டுக்குள் டாங்கி விட்டதற்குப் பதில் வந்ததா? இரண்டு வாரம் முன்பு இதே மனிதர் குறுக்கே கத்தியபோது, பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லன் அதை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு நிதானமாக நின்றார். எனக்கு அவர்தான் கெத்து.

அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் வேறு. கேள்வியைக் கண்டு வரும் கோபம் வேறு. இரண்டாவது எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் சார் பிளஸ் என்றான். பிரம்பை எடுத்தேன். எனக்குப் பதில் தெரியாது. வகுப்போ, 'சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்' என்று பயந்து மதித்தது.

அவனும் இந்தக் குழுவில் இருக்கிறான். தம்பி, இப்போது பதில் தெரியும். போன் பண்ணுப்பா.