சுண்டிக்குளத்துக்கு ஒரு நடைவழி

கிளிநொச்சி நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தொலைவிற் சுண்டிக்குளம் தேசிய பூங்கா இருக்கின்றது. கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் கொணரும் நீரைத் தாங்கிக் கடலோரமாய் நீண்டு கிடப்பது அதன் நீரேரி. மாரி கழியுங் காலத்திற் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கரண்டிவாயன்களும் அங்கு வந்து கூடுகின்றன. அவற்றைக் காணப் பிறநாட்டார் கடல் கடந்து வருகின்றனர். நம் கல்லூரி மாணவரை நோக்கி, “உங்களுட் சுண்டிக்குளம் கண்டவர் எத்துணைப் பேர்?” என வினவினால், உயருங் கைகள் மிகச் சிலவாகவே இருக்குமென அஞ்சுகின்றோம். அது மாணவர் குற்றமன்று.

இந்நீரேரியும் சூழலும் 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி பறவைச் சரணாலயமாக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி அது விரிவாக்கப்பெற்று, 19,565 ஹெக்டயர் பரப்புடைய தேசிய பூங்காவாயிற்று. பெயர் மாறியது மட்டுமன்று, சட்டமும் மாறிற்று. சரணாலயத்துள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை. தேசிய பூங்காவுள் அச்சீட்டின்றி நுழைதலாகாது. நுழைவதும் உயிரினங்களையும் தாவரங்களையும் பார்த்தற்பொருட்டே. நம் நாட்டுப் பூங்காக்கள் பெரும்பாலனவற்றில் வாகனத்தை விட்டு இறங்கி நடத்தலும் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே ‘ஜீப்’ வண்டிக்குக் கூலி கொடுக்க வல்லவர்க்கே பூங்கா என்றாகின்றது.

காப்பு வேண்டாமென்பது நம் கருத்தன்று. சிறுத்தையும் கரடியும் முதலையும் வாழும் நிலத்துக்குக் காவல் வேண்டும். ஆயினும் 2009ஆம் ஆண்டுப் போரின் பின் ஊர் திரும்பிய வன்னி மக்கள் கண்டதென்ன? முதலில், மிதிவெடி உண்டென மண்டையோடு வரைந்த பலகை. பின்னர், படையினரின் முட்கம்பி வேலி. அதன் பின்னர், வனத்தின் எல்லைக்கல். மூன்றும் வெவ்வேறு நோக்கத்தன என்பதை நாம் அறிவோம். விறகுக்கும் தேனுக்கும் இறாலுக்கும் பரம்பரையாய்ச் சென்று வந்த ஒருவருக்கு மூன்றும் சொல்வது ஒன்றே: “வராதே.” உள்ளே வரவொட்டாது தடுக்கப்பட்டவன் அவ்விடத்தைத் தனதென்று எண்ணுவானா? இரவில் மணல் அள்ளும் வண்டி அவ்வழியே போனால் யாரிடம் சென்று முறையிடுவான்?

தமிழகத்து வேடந்தாங்கலை நோக்குக. மதுராந்தகத்துக்கு அணித்தான அச்சிறு ஏரியிற் பறவைகளைச் சட்டத்துக்கு முன்னரே காத்தவர் அவ்வூர் உழவர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். இன்று ஏரிக்கரை மீது நடந்தே எவரும் பறவைகளைக் காணலாம். நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 1988இல் தேசிய பூங்காவாகிய ஹோட்டன் சமவெளியில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் வட்டப்பாதை வழியே மாணவர் கூட்டங் கூட்டமாய் நடக்கின்றனர். மலையிற் பொருந்திய முறை கடலோரத்துக்குப் பொருந்தாதென்று சொல்வதற்கில்லை.

நாம் வேண்டுவது பெரிதொன்றன்று. நீரேரியின் ஓரமாய், பனைகளினூடே, எல்லை குறித்த ஒற்றையடிப் பாதையொன்று. கிடுகால் வேய்ந்த இரண்டு மறைப்புகள். வெள்ளத்துக்கு மேலாக நிற்கும் மரப்பரண் ஒன்று. மிதிவெடி அகற்றப்பட்டதெனச் சான்று பெற்ற நிலத்தினூடாக மட்டுமே அப்பாதை செல்லல் வேண்டும். வழிகாட்டிகள் அயலூர்க் கடற்றொழிலாளர் வீட்டு இளைஞராயிருத்தல் நன்று. எப்பறவை எவ்விடத்து மேயும் என்பதை அவர்க்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்தம் தந்தையர் தொழிலுக்குச் செல்லும் வழியைப் புதிய பாதையின் பெயரால் அடைத்துவிடுதல் மட்டும் கூடாது. அவ்வாறாயின் பாதையே வேண்டாம் என்போம்.

ஆட்கள் நடந்தாற் பறவைகள் கலையும் என்பார் உளர். அஃது உண்மையே. வெறும் மணலில் முட்டையிடும் ஆலாக்களுக்கு ஒரு காலடியே கேடாகலாம். அதனாலேயே குறித்த பாதை வேண்டும் என்கின்றோம். பாதை இல்லாவிடத்து எவ்விடமும் பாதையாகும். மணலில் ஜீப் சில்லு பதிந்த தடங்களைப் பார்த்தவர் இதனை மறுக்கமாட்டார். முட்டையிடுங் காலத்திற் பாதையின் ஒரு பகுதியை மூடிவிடலாம்; ஒரு நாளுக்கு இத்துணைப் பேரென வரையறுக்கலாம்.

பழைய மாணவருள் நிலஅளவையாளர் உளர். பொறியியலாளர், சட்டத்தரணிகள், அரச அலுவலர் உளர். வரைபடத்தோடு கூடிய விண்ணப்பம் ஒன்றை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அனுப்புதல் அவர்க்கு அரிய காரியமன்று. அதற்குப் பதில் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதுமில்லை. முறைப்படி அனுமதி பெற்று, உயர்தர உயிரியல் மாணவரை ஆண்டுக்கொருமுறை அங்கு அழைத்துச் செல்ல ஒரு பேருந்தும் இரண்டு தொலைநோக்கிகளும் போதும். பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமையொன்றைக் குறித்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும் வேளை அது. நாரையினங்கள் ஆழங்குறைந்த இடங்களிலே நின்று மேயும்.