குவாரியை அளப்பது யார்?

2025 ஜனவரி 17-ந் தேதி வெள்ளிக்கிழமை, திருமயத்தை அடுத்த வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி, தொழுகை முடித்து ஸ்கூட்டரில் திரும்பும்போது டிப்பர் லாரி மோதி மாண்டார். விபத்து என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு அது கொலை வழக்காக மாறி, குவாரிக்காரர்கள் கைதானார்கள்; விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று. துளையானூர்ப் பகுதிக் குவாரிகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அவர் மனுவுக்கு மேல் மனு கொடுத்திருந்தார்.

அவர் நமது கட்சிக்காரர் அல்ல, அண்ணா தி.மு.க.வைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். அதனால் என்ன? ஊர்ச் சொத்தைக் காக்கப் போனவருக்குக் கட்சி பார்த்தா கண்ணீர் விடுவது?

குற்றவாளி யார் என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு. குழியை அளக்க வேண்டியவர் சம்பளம் வாங்கும் அதிகாரி. அந்த வேலையை ஒரு தனி மனிதர், மனுவும் கையுமாக அலைந்து ஏன் செய்ய நேர்ந்தது? அவர் செத்த பிறகு அதிகாரிகள் குவாரிக்கு வந்து அளந்தார்களே, அந்த அளவுகோல் அதுவரை எந்த அலமாரியில் இருந்தது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அனுமதிக் கடிதத்தில் ஷரத்துக்களுக்குக் குறைவில்லை. எல்லைக் கல் நட வேண்டும், மரம் வளர்க்க வேண்டும், லாரி போகும் பாதையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், பாரத்தைத் தார்ப்பாயால் மூட வேண்டும். ஆனால் இவற்றை நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதுவது யார் தெரியுமா, தோழர்களே? குவாரி முதலாளியேதான்! பரீட்சை எழுதியவனே விடைத்தாளைத் திருத்துகிற கதை இது.

அந்த அறிக்கையில் பாதை எப்போதும் ஈரமாகவே இருக்கும். நேரில் போனால், பத்து சக்கர டிப்பர்கள் ஊராட்சிச் சாலையைக் குண்டும் குழியுமாக்கி, வேலியோர மரங்களையெல்லாம் வெள்ளையடித்து விட்டுப் போயிருக்கும். புதுக்கோட்டை ஜில்லா பெரும்பாலும் கண்மாயை நம்பிப் பிழைக்கும் சீமை. மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வரும் ஓடை மீது மண்ணைக் கொட்டிப் பாதை போட்டால், அந்த ஆயக்கட்டு முழுவதும் தரிசுதான். குழியை மட்டும் பார்த்துவிட்டு ஜீப்பில் திரும்பும் அதிகாரிக்கு இது தெரிய வராது. பாதையையும் நடந்து பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் தொழிலாளியின் கதி இதைவிட மோசம். பக்கத்துச் சிவகங்கை ஜில்லாவில், சிங்கம்புணரியை அடுத்த மல்லாக்கோட்டைக் குவாரியில் 2025 மே மாதம் பாறை சரிந்து 6 பேர் மாண்டார்கள். 2022 மே மாதம் நெல்லை ஜில்லா அடைமிதிப்பான்குளத்தில் 4 பேர். ஒவ்வொரு தடவையும் சாவு முந்திக்கொள்கிறது, சோதனை பின்னால் வருகிறது.

நிலக்கரிச் சுரங்கத்தில் இந்தப் பாடத்தை ரத்தம் கொடுத்துப் படித்தார்கள். அங்கே காற்றோட்டம் கெட்டால் மீத்தேன் தேங்கும். ஒரு பொறி போதும். 1975 டிசம்பரில் சாஸ்நாலாவில் தண்ணீர் புகுந்து 375 பேர் மாண்டார்கள். காற்றையும் நீரையும் நாள்தோறும் கவனிக்காத சுரங்கம் சவக்குழி என்பதைத் தொழிற்சங்கங்கள் விடாமல் சொல்லி வந்தன. 1955-ம் வருஷச் சுரங்க விதிகளில், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளர்களிலிருந்தே ஒரு பரிசோதகர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு பின்னர் சேர்க்கப்பட்டது. ஆனால் இருபது முப்பது பேர் உழைக்கும் கல்குவாரிக்கு 500 என்ற கணக்கு எப்போது எட்டுவது? வெளி மாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் படுத்துறங்கும் தொழிலாளி, "பாறை விரிந்திருக்கிறது" என்று யாரிடம் போய்ச் சொல்வான்?

ஆகவே, சோதனை முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதியும் ஊர்க்காரர்களும் கூட இருக்க வேண்டும். மனுக் கொடுத்தவர் பெயர் குவாரிக்காரர் காதுக்குப் போகக் கூடாது. இதைச் சர்க்காரிடம் கேட்போம்.

அதுவரை கிளைத் தோழர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. குவாரிக்காரர் ஜூன் முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும் கொடுக்க வேண்டிய அந்த அறிக்கை பொது ஆவணம் என்று 2006-ம் வருஷ மத்திய அரசு அறிவிக்கையே சொல்கிறது. யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும். நகலை வாங்குங்கள். தனி ஆளாக அல்ல, கிளையின் பெயரில், பத்துப் பேர் கையெழுத்தோடு வாங்குங்கள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாதையில் இறங்கி நடந்து பாருங்கள்.