வெந்நீர் அடுப்பும் வயலின் எருவும்

திருப்பத்தூர் ஜில்லாவின் கிராமங்களில் சமையலறைக்கு எரிவாயு வந்து ஆண்டுகள் பலவாயின. ஆயினும் புழைக்கடையில் மூன்று கல் கூட்டிய வெந்நீர் அடுப்பு மட்டும் அணைந்தபாடில்லை. ஏலகிரியின் அடிவாரத்திலும் ஜவ்வாது மலையின் ஓரத்திலும் உள்ள ஊர்களில், மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் அண்டாவின் அடியில் தென்னைமட்டையோ முள்விறகோ எரியாத வீடு அரிது. சோறு சமைக்க விறகு வேண்டாமென்று விட்ட குடியானவர், குளிப்பதற்கு இன்னும் அதனையே நம்பியிருப்பது ஆராயத்தக்க விஷயமாகும்.

இதற்குக் கூறப்படும் சமாதானம், மட்டையும் மிலாறும் தோப்பில் விழுந்து கிடப்பவை, காசு கொடுத்து வாங்கியவை அல்ல என்பதே. கணக்கிட்டுப் பார்த்தால் இச்சமாதானம் நில்லாது. ஐந்து பேருள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீர் வேண்டுமெனக் கொள்வோம். அதனை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் காய்ச்ச 3,500 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் அடங்கியுள்ளது. ஆனால் மூன்று கல் அடுப்பு அதில் பத்திலொரு பங்கையே பாத்திரத்தில் சேர்க்கும். மற்றது காற்றிலும் புகையிலும் போகும். ஆகவே நாளொன்றுக்குப் பத்து கிலோ விறகு வேண்டும். ஆண்டில் 200 நாள் அடுப்பு எரிந்தால், குளியலுக்கு மட்டும் 2 டன் எரிபொருள் சாம்பலாகிறது.

அச்சாம்பலை வயலில் இட்டுவிட்டால் நஷ்டமில்லை என்று கருதுவோரும் உளர். சாம்பலில் சாம்பல் சத்தும், சுண்ணாம்பும், சிறிது மணிச்சத்தும் தங்கும். தழைச்சத்தோ ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். மண்ணை இளக்கி ஈரத்தைக் காக்கும் மக்கும் எ�்ானது ஒன்றும் மிஞ்சாது. வறட்டி எரிக்கும் வீடுகளில் இந்நஷ்டம் இன்னும் பெரிது. 1889-ல் இந்தியாவிற்கு வந்து நாடெங்கும் சுற்றிய டாக்டர் வோல்க்கர் என்னும் இங்கிலாந்து ரசாயன நிபுணர், 1893-ல் வெளிவந்த தம் அறிக்கையில் இதனையே வற்புறுத்தினார். குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகுப் பஞ்சத்தால் என்பது அவர் கண்ட முடிபு. எரிபொருளுக்கு வேறு வழி காட்டினால் எரு தானே வயலுக்குத் திரும்பும் என்று அவர் கருதினார். அதற்காக அவர் கேட்டது விறகுக் காடுகளை. இந்த ஜில்லாவில் காடு வளரக் காத்திருக்க வேண்டுவதில்லை, வெயில் உண்டு.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரின் தெளிந்த வானத்தை நம்பி, வானநூலார் அங்கே ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986-ல் திறக்கப்பட்டது. இரவு வானத்தின் பயனை அறிந்தோர் வெளியூரார். பகல் வானத்தின் பயனை உள்ளூரார் புளியும் மிளகாயும் உலர்த்துவதோடு நிறுத்திக்கொண்டனர். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடுவோர்கூட உப்புக் கழிவுநீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்றச் செய்கின்றனர்.

தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நாளொன்றுக்கு விழும் வெயில் சராசரி 5 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். கறுப்புத் தகடும் கண்ணாடி மூடியும் கொண்ட இரண்டு சதுர மீட்டர் பெட்டி அதில் பாதியைப் பிடித்தாலும் 100 லிட்டர் நீரைக் காய்ச்சப் போதும். இதில் மோட்டாரும் வேண்டாம். சூடான நீர் இலேசாகி மேலேறித் தொட்டியில் சேர, குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தைப் பிடிக்கும். தொட்டிக்கு வெப்பம் போகாத உறை இருப்பதால் மாலையில் காய்ந்த நீர் விடியுமட்டும் சூடு தாங்கும்.

மின்சாரத்தால் காய்ச்சினால் என்ன? அதே 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்திற்கு 240 யூனிட். வீடுகளுக்கு இருமாதத்திற்கு 100 யூனிட் இலவசமென 2016-ல் மாநில சர்க்கார் அளித்த சலுகையை வெந்நீர் ஒன்றே இருமுறை விழுங்கிவிடும். கூரையில் மின் தகடு வைப்போருக்கு 2024-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் ஏற்பட்டது. வெந்நீர்க் கலத்திற்கு முன்பு அளிக்கப்பட்ட மானியமோ 2014-ல் நிறுத்தப்பட்டது. மின் தகடு வெயிலில் ஐந்திலொரு பங்கையே மின்சாரமாக்கும்; வெந்நீர்ப் பெட்டி பாதியைப் பிடிக்கும். சூட்டுக்கு வெயிலை நேரே கொள்வதை விடுத்து, மின்சாரமாக்கி மீண்டும் சூடாக்குவதற்குக் கைகொடுப்பது முறையான வரிசையாகத் தோன்றவில்லை. விளக்குக்கும் இறைப்புக்கும் மின் தகடு வேண்டியதே. குளியலுக்கு அது வீண்.

கலம் வாங்க வசதியில்லாதோர்க்கும் வழியுண்டு. கைக்குழந்தையைக் குளிப்பாட்ட முற்றத்து வெயிலில் அண்டா வைத்துச் சூடேற்றுவது பாட்டிமார் அறிந்த முறையே. கறுப்பு வர்ணம் பூசிய இரும்புப் பீப்பாயைக் காலையில் நிரப்பிக் காற்றுப்படாத வெயிலில் வைத்தால் மாலையில் இளஞ்சூடான நீர் கிடைக்கும். விடியற்காலைக் குளியலை அந்திக் குளியலாக மாற்றிக்கொள்வதே எல்லாக் கருவியிலும் மலிவானது. வீட்டுப் பெரியோர் இதற்கு இசைவது எளிதன்று என்பதும் உண்மை.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மலையூர்களில் உறைவிடப் பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் கட்டிட மதிப்பீடு தயாரிக்கும்போதே வெந்நீர்க் கலத்தையும் சேர்த்துக் கேட்பதே அது. கட்டி முடித்தபின் குழாய்க்காகச் சுவரை உடைக்க எவரும் முன்வருவதில்லை.

பாலாற்றுப் படுகையில் கலம் வைப்போர் தண்ணீரை முதலில் சோதித்தல் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த இடங்களில் மெல்லிய செப்புக் குழாய்கள் சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். அங்கே, குழாய்களுக்குள் நல்ல நீரைத் தனியே சுற்றவிட்டு, குளியல் நீரை அதனோடு கலவாமல் சூடாக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலை சற்று அதிகமாகும். பெட்டி தெற்கு நோக்கி, குளிர்காலத்துச் சாய்வெயில் நேரே படும்படி 25 டிகிரி சாய்ந்திருப்பது நலம். காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை தென்னையின் நிழல் அதன்மேல் விழலாகாது. ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டால் மார்கழிக்கு உதவும்.