மின் கட்டணத்தில் இலாபம் கூடுமா?



ஒரே மின் இணைப்பில் மூன்று குடும்பங்களை வாடகைக்கு வைத்து, துணை மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வசூலிக்கும் வழக்கம் நம் ஓரிக்கையிலும் உண்டு. வசூலிப்போரில் தொழுகையாளிகளும் உள்ளனர் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

வீட்டுக்கு 200 யூனிட் வீதம் இரு மாதத்திற்கு 600 யூனிட் எனக் கொள்வோம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, முதல் 100 யூனிட் இலவசம் போக, மின்வாரியத்திற்குச் செலுத்துவது 2,750 ரூபாய். வாடகைதாரர்களிடம் பெறுவதோ 4,800! தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் வீட்டுக்கு 225 ரூபாய்தான். கட்டணம் பின்னர் சற்று உயர்ந்தது, இடைவெளி மறையவில்லை.

'தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குக்கும் செலவு உண்டே' என்பர். உண்மையே. அதனை வாடகை பேசும்போதே வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளலாம். இருவரும் பொருந்திக்கொண்ட தொகையை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் மின்வாரியத்தின் பெயரால் கூடுதலாகப் பெறுவது வாடகை ஆகாது.

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை மதரஸாவில் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். மீட்டரும் ஓர் அளவைக் கருவிதானே. அப்பிள்ளைகளில் பலர் வாடகை வீட்டிலிருந்து வருபவர்கள்.

அடுத்த ரசீது வந்ததும் அதனை வாடகைதாரர்களிடம் காட்டி, யூனிட் விகிதப்படி பங்கிடுங்கள். இயன்றவர்கள் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.